வரப்பூர் ஒரே குடும்பம்

செம்மொழி உயர்ந்துகொண்டிருந்தாள். இன்று நேற்றல்ல, ஆறு வருடமாக உயர்ந்துகொண்டிருந்தாள்.

காவிரிப்படுகைப் பல்கலைக்கழகத்தில் ‘சமத்துவம் மற்றும் சமூக ஒருங்கிணைவு உயராய்வு மையம்’ என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவருக்கு அங்கே உதவியாளர் வேலை கொடுத்துவிடலாம். இயக்குநர் அறைக்கு வெளியே ஒரு பலகை, பலகையில் மூன்று கட்டங்கள். உயராதவர்: எண்ணிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. உயர்ந்துகொண்டிருப்பவர்: ஒன்று. உயர்ந்தவர்: பூஜ்யம். அந்த ஒன்று செம்மொழிதான்.

ஆய்வேட்டை அவள் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கடைமடை ஊர்களில் முறைத்தண்ணீரை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது ஆய்வு. வெளித் தேர்வாளர்கள் இருவரும் ‘நன்று’ என்று எழுதி அனுப்பி எட்டு மாதம். இனி பாக்கி, ‘வைவா’ என்கிற பொது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். நாலு பேர் நடுவில் நின்று கேள்விக்குப் பதில் சொன்னால் அன்றைக்கே டாக்டர். அதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும். குறிக்க வேண்டியவர் நெறியாளர். நெறியாளரும் மையத்தின் இயக்குநரும் ஒரே ஆள், பேராசிரியர் கோவிந்தராசு. பிரசவம் பார்த்த டாக்டரே தொப்புள்கொடியை அறுக்க மாட்டேன் என்று நின்றால் பிள்ளை எங்கே போகும்?

செப்டம்பர் பத்தாம் தேதி ஒரு கடிதம் வந்தது. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு அவள் தேர்வாகியிருந்தாள். முப்பதாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. முனைவர் பட்டம் கையில் இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். செம்மொழிக்கு வயது முப்பத்து நான்கு. அடுத்த தேர்வு எப்போது வரும் என்பது அறிவிக்கிறவர்களுக்கே தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

கோவிந்தராசு படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வீட்டில் இழவு விழுந்தது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, ஒனக்கு இங்க என்ன கொறைச்சல்?”

“கொறை ஒண்ணும் இல்ல சார். வைவா தேதி மட்டும்...”

“தேதி குடுத்தா நீ டாக்டர் ஆயிடுவ. டாக்டர் ஆனா உயர்ந்தவர் ஆயிடுவ. உயர்ந்தவங்கள வச்சுகிட்டு நான் என்னம்மா பண்றது? தர மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க உயர்ந்துகிட்டிருக்கிறவங்களத்தான் கேப்பாங்க. உயர்ந்தவங்க எங்க பாத்தாலும் கெடைக்கிறாங்க, நானே இருக்கேன். பலகையில அந்த ஒண்ணு போயிட்டா இந்த மையமே போச்சு. பதினேழு பேரு வேலை பாக்குறாங்க இங்க. அவங்க குடும்பத்தை நெனைச்சுப் பாத்தியா?”

“எனக்குப் பதிலா வேற யாரையாவது சேத்துக்கலாமே சார். எங்க ஊர்ல பதினோரு பேர் மனு போட்டிருக்காங்க.”

“அது எப்படி முடியும்?” என்றார் கோவிந்தராசு, நிஜமான வருத்தத்தோடு. “நீங்கதான் ஒரே குடும்பமாச்சே.”

இந்த ஒரே குடும்பக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் மையம் வரப்பூரைத் தத்தெடுத்தது. தஞ்சாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர், அறுபத்து நான்கு வீடு. கணக்கெடுக்க நாற்பது மாணவர்கள் கையில் டேப்லெட்டோடு வந்து இறங்கினார்கள். எதிரே யார் வந்தாலும், “இவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டார்கள். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும்? பலசரக்குக் கடை மீரா உசேனைக் காட்டிக் கேட்டபோது செம்மொழியின் அப்பா செல்லதுரை, “மச்சான்” என்றார். மீரா உசேனும், “ஆமா, எங்க மச்சான்தான்” என்று தோளில் கை போட்டார். மீரா உசேனின் மகள் ஹாஃபிஸா செல்லதுரையை மாமா என்றாள். பூசாரி டிராக்டர்காரரைப் பெரியப்பா என்றார். டிராக்டர்காரர் ஊருக்கே சித்தப்பா. மாணவர்கள் அத்தனையையும் டேப்லெட்டில் தட்டி உள்ளே போட்டார்கள். கம்ப்யூட்டர் ஒரு வம்ச விருட்சத்தைத் துப்பியது. அறுபத்து நான்கு வீடும் ஒரே மரம், ஒரே குடும்பம்.

கோவிந்தராசு ஆனந்தக் கண்ணீர் விட்டார். மரத்தைப் பிளக்ஸில் அடித்து ஊர் முகப்பில் மாட்டினார். ‘வரப்பூர் ஒரே குடும்பம்’ என்று விழா எடுத்தார், பிரியாணி போட்டார். ஊர் சந்தோஷமாகச் சாப்பிட்டது. பிரியாணி செரித்த பிறகுதான் வினை தெரிந்தது. தத்தெடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மையம் ‘முதல் தலைமுறை இடம்’ கொடுக்கும்: கட்டணமில்லா மேற்படிப்பு, இலவச விடுதி. ஆனால் விதி என்ன? குடும்பத்துக்கு ஒருவர். அந்த வருடம் முதல் ஆளாக மனு போட்டவள் செம்மொழி. அவ்வளவுதான், வரப்பூர்க் குடும்பத்தின் கோட்டா முடிந்தது. மறு வருடம் போன பிள்ளைகளிடம், “ஒங்க குடும்பத்துல ஏற்கெனவே ஒருத்தர் படிக்கிறாங்களே” என்றார் கண்காணிப்பாளர் ராம்கி. அதற்கு மறு வருடமும் அதையே சொன்னார்.

வெளியே சொல்லாவிட்டாலும் ஊரில் புகைந்தது. செம்மொழி பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடைப் பேச்சு சட்டென்று நிற்கும். “அவ ஏறின ஏணிய மேல இழுத்துகிட்டா” என்று ஒருநாள் அவள் காதுபடவே யாரோ சொன்னார்கள். ஏணியில் பாதியில் நிற்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஊரில் உரசல் என்று கேள்விப்பட்ட கோவிந்தராசு மட்டும், ஒருங்கிணைப்பதற்கு இப்போதாவது ஏதோ கிடைத்ததே என்று குறித்துக்கொண்டார்.

பதினான்காம் தேதி தர மதிப்பீட்டுக் குழு வந்தது. குழு வருகிற நாளெல்லாம் செம்மொழி குடிலில் இருக்க வேண்டும். அது ஒரு தனிக் கூத்து. வரப்பூரில் போய்ப் படம் எடுத்தால் அவள் வீட்டில் டைல்ஸ் தெரிகிறது, சுவரில் ஏசி தெரிகிறது. குழுவினர் மனம் புண்படும் என்று வளாகத்துக்குள்ளேயே ஒரு கூரைக்குடிசை கட்டி, ‘வாழ்வியல் அனுபவக் குடில்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மண்சுவர், கீற்றுக்கூரை, ஒரு அரிக்கேன் விளக்கு. பல்கலைக்கழகத்திலேயே ஒழுகாத கட்டடம் அது ஒன்றுதான்.

இந்த முறை ‘வாழும் சான்று’ என்று செல்லதுரையையும் வரச் சொல்லியிருந்தார்கள். குறுவை அறுவடைக்கு மெஷின் வருகிற நாள் அது. ஆனாலும் மகளுக்குத் தேதி கிடைக்குமே என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். குடிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள வாங்கப்பா” என்றாள் செம்மொழி.

“இல்லம்மா, நான் வெளியவே நிக்கிறேன். கூரை தீப்பிடிச்சு எங்க அம்மா என்னைத் தூக்கிகிட்டு ஓடினப்ப எனக்கு வயசு ஆறு. அதுக்கப்பறம் கீத்துக்குக் கீழ படுக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடுபட்டேன். இவங்க என்னடான்னா திரும்பக் கட்டி உள்ள ஒக்காரச் சொல்றாங்க.”

“அருமையான வரி!” என்று பக்கத்தில் நின்ற ஒருவர் அதை எழுதிக்கொண்டார். செல்லதுரை அவரை ஒரு பார்வை பார்த்தார், பார்வையை எழுதிக்கொள்ள ஆளில்லை.

அடுத்து இணக்க உணவு. இந்து ஆய்வாளரும் முஸ்லிம் பெண்ணும் ஒரே இலையில் சாப்பிட வேண்டும், படம் எடுப்பார்கள். அதற்கென்று ஹாஃபிஸாவை ஊரிலிருந்து வரவழைப்பது வழக்கம். பி.எஸ்சி. கணிதத்தில் எண்பத்து நாலு சதவீதம் எடுத்துவிட்டு, இரண்டு வருடமாக எம்.எஸ்சி. இடத்துக்கு அலைகிற பெண். நாலு முறை சாப்பிட்டால் ஒருநாள் சீட்டு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் தயங்கித் தயங்கி சாப்பிடுங்கம்மா” என்றார் படம் எடுப்பவர். “ரொம்ப நாள் பழக்கம் மாதிரித் தெரியுது.”

“நேத்து எங்க வீட்ல அக்கா எட்டு இடியாப்பம் தின்னாங்க, அப்ப எங்க போனீங்க?” என்றாள் ஹாஃபிஸா.

ராம்கி ஒரு படிவத்தை நீட்டினார். ‘மையம் வருவதற்கு முன் நாங்கள் ஒருவரோடொருவர் பேசியதில்லை’ என்று அச்சடித்திருந்தது.

“இது பொய்ங்க சார்” என்றாள் செம்மொழி. “இவ தொட்டில்ல கெடந்தப்ப ஆட்டிவிட்டதே நான்தான்.”

“முன்னாடியே பேசிகிட்டிருந்தா மையம் என்ன சாதிச்சுதுன்னு கேப்பாங்கம்மா. முன்னேற்றம்னா கீழேர்ந்துதானே ஆரம்பிக்கணும்.”

“ஒரே குடும்பம்னு சொல்றதும் நீங்கதான். பேச்சே இல்லைன்னு எழுதச் சொல்றதும் நீங்கதானா?”

“ஒரே குடும்பத்துல பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிறது சகஜம்தானேம்மா” என்றார் ராம்கி. அவர் தன் அண்ணனோடு பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஹாஃபிஸா சீட்டை நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். செம்மொழி தேதியை நினைத்துப் போட்டாள்.

குழுத் தலைவர் குனிந்து குடிலுக்குள் வந்தார். செம்மொழியின் தலைமேல் கை வைக்கப் போய், வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “ஒங்க கனவு என்னம்மா?”

கோவிந்தராசு பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினார். செம்மொழி அதைப் பார்க்காதது போல, “வைவா தேதி சார். இந்த மாசம் முப்பதுக்குள்ள” என்றாள்.

குழு நெகிழ்ந்துபோனது. “பாருங்க, எவ்வளவு எளிய கனவு! இந்த ஏக்கம் இருக்கே, இதுதான் கல்வி. இந்த ஏக்கத்தை அணையாம பாத்துக்குங்க” என்று கோவிந்தராசுவிடம் சொல்லிவிட்டு, ஏசி அரங்கில் சாப்பிடப் போனார்கள். இணக்க உணவு குடிலில் மட்டும்தான்.

பிற்பகல் கூட்டத்தில் கோவிந்தராசு பேசினார். “சமத்துவம் என்றால் எல்லாரும் சமமாக இருப்பது என்று சில பாமரர்கள் நினைக்கிறார்கள். இல்லை. எல்லாரும் சமமாக வேண்டுமே என்று நாம் இங்கே உட்கார்ந்து இடைவிடாமல் கவலைப்படுவதுதான் சமத்துவம். ஒருநாள் எல்லாரும் சமமாகிவிட்டால் அப்புறம் யார் கவலைப்படுவது? அதனால்தான் இந்த மையம் எதிலும் அவசரப்படுவதில்லை.” பலத்த கைதட்டல். செல்லதுரையும் தட்டினார், எல்லாரும் தட்டுகிறார்களே என்று.

கூட்டம் முடிந்து இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். செல்லதுரை, “ஏம்மா, ஒரே குடும்பம்னா பிரிஞ்சா தீந்துச்சு இல்ல?” என்றார்.

“என்னப்பா சொல்றீங்க?”

“நம்ம பங்காளிங்க நெலத்தை என்ன பண்ணினோம்? பாகப்பிரிவினை பத்திரம் எழுதி, அவனவன் பாத்தியதைய அவனவன் எடுத்துகிட்டுத் தனியாப் போனோம். ஊரும் ஒரு குடும்பம்னா பாகம் பிரிச்சுட்டாப் போச்சு. அறுபத்து நாலு தனிக் குடும்பம். அப்ப வீட்டுக்கு ஒரு சீட்டு வந்துதானே ஆகணும்? ஒனக்கு மாத்தா பதினோரு பேர் உயர வந்துட்டா அந்த ஆளு ஒன்னை விட்டுருவாரு.”

செம்மொழிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுநாள் ராம்கியிடம், குடும்பம் பிரியலாமா என்று கேட்டாள். ராம்கி விதிப்புத்தகத்தைப் புரட்டி, “பதிவு பண்ணின பத்திரமா இல்லாட்டியும் பரவால்ல. முத்திரைத்தாள்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தா தனித்தனிக் குடும்பம்னு ஏத்துக்கலாம்” என்றார்.

பதினேழாம் தேதி மீரா உசேன் கடை வாசலில் ஊர் கூடியது. முத்திரைத்தாளில் எழுதியதைச் செம்மொழி உரக்கப் படித்தாள். “வரப்பூரில் வசிக்கும் அறுபத்து நான்கு வீட்டாராகிய நாங்கள், இன்று முதல் ஒருவருக்கொருவர் எந்த உறவும், பந்தமும், வாரிசுப் பாத்தியதையும் இல்லாதவர்கள் என்று முழு மனதோடும், யாருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதிக்கொடுத்த பாகப்பிரிவினைப் பத்திரம்.”

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. “அப்ப எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நீ மொய் எழுத வேணாம்” என்றான் ஒருவன். “நான் எப்ப எழுதினேன்?” என்றான் மற்றவன். அறுபத்து மூன்று கையெழுத்து விழுந்தது. கடைசி ஆள் மீரா உசேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், குவைத்துல பதினாலு வருஷம் எவன் எவனோடயோ ஒரே ரூம்ல கெடந்தேன். அங்ககூட நீ எனக்கு யாரும் இல்லைன்னு ஒருத்தனும் எழுதி வாங்கினதில்ல.”

“பேப்பர்லதானே மச்சான்” என்றார் செல்லதுரை. “ஹாஃபிஸாவுக்காகப் போடு.”

மகள் பேரைச் சொன்னதும் மீரா உசேன் போட்டார். செல்லதுரை எழுந்து, வந்ததற்கு ஏதாவது வாங்கிப் போவோம் என்று, “அரைக் கிலோ சர்க்கரை குடுங்க” என்றார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாகக் ‘குடுங்க’. வேண்டுமென்று சொன்னதல்ல, வாயில் அப்படி வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு செம்மொழிக்குப் பிடிக்கவில்லை.

பதினெட்டாம் தேதி பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தாள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இது அறுபத்து நான்காகப் பட்ட ஊர், கோவிந்தராசுவின் கொண்டாட்டத்தைக் கேட்கவா வேண்டும்! நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“கையெழுத்தோட சமூகப் பிளவு! ஆதாரத்தோட! ராம்கி, இந்த மாதிரி ஒண்ணு இந்தியாவுலயே கெடையாதுய்யா. புதுத் திட்டம் எழுது. ‘சிதைந்த கிராமங்கள் ஆய்வகம்’. அஞ்சு வருஷத்துக்கு எழுது.”

“எழுதிடலாம் சார். அப்ப பலகையில அந்த ஒண்ணு?”

“அது எதுக்கு இனிமே? அழிச்சிடு.” கோவிந்தராசு செம்மொழியின் பக்கம் திரும்பினார். ஆறு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு தாராளத்தை அவள் பார்த்ததில்லை. “இருபத்தெட்டு வச்சுக்கலாமாம்மா, வைவா?”

செம்மொழி தேதியை உடனே குறித்துக்கொண்டாள். “சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்.” அறைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பினாள். “சார், அந்தப் பதினோரு பேருக்கு எப்ப அட்மிஷன்?”

ராம்கி கோவிந்தராசுவைப் பார்த்தார். கோவிந்தராசு ஜன்னலைப் பார்த்தார். ராம்கிதான் சொன்னார்: “விதி பதினேழும்மா. தத்தெடுத்தது வரப்பூர்ங்கிற ஒரு குடும்பத்தை. அந்தக் குடும்பம் இப்ப இல்ல. இல்லாத குடும்பத்தை எப்படித் தத்து வச்சிருக்க முடியும்? தத்து தானா ரத்தாயிடும். தத்தெடுக்காத ஊர்க்காரங்களுக்குச் சீட்டு கெடையாது.”

“இத ஏன் சார் அன்னிக்கே சொல்லலை?”

“நீங்க குடும்பம் பிரியலாமான்னு மட்டும்தானேம்மா கேட்டீங்க.”

“வருத்தமா இருந்தா ஒண்ணு பண்ணலாம்” என்றார் கோவிந்தராசு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. “பத்திரத்தைக் கிழிச்சிடுவோம். திரும்ப ஒரே குடும்பம், நீயும் திரும்ப உயரலாம். என்ன, குடும்பத்துக்கு ஒருத்தர்ங்கிறது மட்டும் அப்படியே இருக்கும்.”

படிக்கட்டுக்குக் கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். பத்திரத்தைக் கிழித்தால் பதினோரு பேருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. கிழிக்காவிட்டால் பதினோரு பேருக்கு இல்லை, அவளுக்கு உண்டு. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றால் எதையாவது எடுக்கலாம். இங்கே இரண்டும் சேறு. ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். சொன்னால் என்ன ஆகும்? கோபத்தில் பத்திரத்தைத் திருப்பி வாங்கச் சொல்வார்கள், வைவா போகும், வேலை போகும். வயது முப்பத்து நான்கு. மறுபடி உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுகைக்கு அடியில், இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று ஒரு சந்தோஷம் துள்ளிக்கொண்டிருந்தது. அதை நினைத்துத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குப் போய், “தேதி குடுத்துட்டாங்கப்பா” என்றாள்.

“அவங்களுக்கு?”

“பரிசீலனையில இருக்காம்.”

பத்து நாள் அப்படியே ஓடியது. ஆறு வருடம் மையத்தில் கிடந்ததில் ‘பரிசீலனை’ என்ற அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! ஊர் அவளைக் கொண்டாடியது. ஏணியை இழுத்துக்கொண்டவள் என்று சொன்னவரே வீடு தேடி வந்து இளநீர் கொடுத்துவிட்டுப் போனார். ஹாஃபிஸா தினமும் வந்து, “அக்கா, ஏதாவது தெரிஞ்சுதா? முப்பதோட அட்மிஷன் முடியுதாமே” என்பாள். செம்மொழி கைபேசியைப் பார்ப்பது போலக் குனிந்துகொள்வாள். ஹாஃபிஸா போனதும் எதையாவது துவைக்கப் போட்டுக்கொண்டு பின்கட்டில் நிற்பாள்.

இருபத்தெட்டாம் தேதி வரப்பூர் இரண்டு குட்டியானை வண்டியில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பொது வாய்மொழித் தேர்வு ஆயிற்றே, யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். மீரா உசேன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். முன்வரிசைகள் அதிகாரிகளுக்கு என்று எழுதியிருந்ததால் எல்லாரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பதினோரு பேரும் மனு நகலைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

கோவிந்தராசு வரவேற்றார். “ஒரே குடும்பமாக இருந்த வரப்பூரில் இன்று அறுபத்து நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. ஆறு வருடத்தில் ஆறாயிரத்து முந்நூறு சதவீத வளர்ச்சி! நமது மையத்தால் ஒரு கிராமம் இந்த அளவு பெருகியிருக்கிறது என்பதை எண்ணும்போது...” தழுதழுத்து உட்கார்ந்தார்.

வெளித் தேர்வாளர் இருவரில் ஒருவரான வயதான அம்மாள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். ஆய்வேட்டை நிஜமாகவே படித்திருந்தார். அந்த வளாகத்தில் அது ஒரு அதிசயம். ஒரு மணி நேரம் கேட்டார். செம்மொழி தடுமாறாமல் பதில் சொன்னாள். மதகு, வாய்க்கால், முறை, வாரம் என்று அவளுக்குத் தெரிந்த உலகம் அது. மேடையில் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள்.

“தண்ணி கொறைஞ்ச வருஷத்துல கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எப்படிச் சேந்துச்சு?” என்று அம்மாள் கேட்டார்.

“ஒரு கட்டுப்பாடு இருந்துதும்மா. முறை முடிஞ்சவன், அடுத்தவனோட மடையத் திறந்து விட்டுட்டுத்தான் கரையேறணும். திறக்காம ஏறிட்டா ஊர்ல யாரும் அவன்கூடப் பேச மாட்டாங்க.”

“நல்லது. எனக்குக் கேள்வி அவ்வளவுதான். அவையில யாருக்காவது?”

இது வழக்கமாகக் கேட்பது, வழக்கமாக யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பின்வரிசையில் ஹாஃபிஸா எழுந்தாள். மனு நகலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், நல்ல சேதி இந்த மேடையிலேயே வரப்போகிறது என்ற நினைப்பில்.

“அக்கா, நீங்க முறை முடிச்சுக் கரையேறிட்டீங்க. எங்க பதினோரு பேருக்கும் சீட்டு உண்டுதானே?”

“இது ஆய்வேட்டுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி” என்று கோவிந்தராசு பாதி எழுந்தார்.

அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. “அவையிலேர்ந்து வந்த கேள்விக்கு ஆய்வாளர் பதில் சொல்லியாகணும். விதி அப்படித்தானேங்க, ராம்கி?”

விதி என்ற சொல்லைக் கேட்டதும் ராம்கி தன்னையறியாமல் எழுந்து நின்றார். “ஆமாங்கம்மா. பதில் சொல்லலைன்னா பட்டத்துக்குப் பரிந்துரைக்க முடியாது.”

செம்மொழி அப்பாவைப் பார்த்தாள். மீரா உசேனைப் பார்த்தாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்ல, ஹாஃபிஸா” என்றாள். மைக்கில் அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. “ஒனக்கும் இல்ல, பதினோரு பேர்ல யாருக்கும் இல்ல. நாம பத்திரம் எழுதினதும் ஊரோட தத்து ரத்தாயிடுச்சு. ரத்தானதாலதான் எனக்கு இந்தத் தேதி கெடைச்சுது. பத்து நாளா எனக்குத் தெரியும். சொன்னா இது நின்னுடும்னு பயந்து நான் சொல்லலை.”

முன்வரிசையில் யாரோ பழக்கத்தில் கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள். பின்வரிசையில் ஹாஃபிஸா உட்காரவில்லை. மீரா உசேன் மகளின் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செல்லதுரை, “மச்சான்...” என்றார். மீரா உசேன் திரும்பவில்லை. மகள் தோளில் கை வைத்து, மற்றவர்களுக்கு வழி விட்டு, வாசலைப் பார்த்து நடந்தார். ஒவ்வொரு வீடாக எழுந்து போனது. செல்லதுரை மட்டும் காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்தார். ராம்கி நீட்டிய படிவத்தில் கடைசி வரி அச்சடித்தே வந்திருந்தது, கையெழுத்து மட்டும்தான் போட வேண்டும். போட்டார். கோவிந்தராசு அதை வாங்கி மைக்கில் படித்தார்:

“அவையினர் எழுப்பிய வினாக்கள் அனைத்திற்கும் ஆய்வாளர் திருப்திகரமாக விடையளித்தார்.”